சொந்தப் பாட்டு எழுதிப் பாடுகிறேன், மேடை எங்கே கிடைக்கும்?

தெற்குத்தெரு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோவில்பட்டி. இப்போது வேளச்சேரியில் தங்கி வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாகத் தமிழில் பாட்டு எழுதி, நானே மெட்டுப் போட்டு, கிட்டார் வாசித்துப் பாடுகிறேன். கையில் ஒரு பத்துப் பாட்டு இருக்கிறது. அதில் நாலைந்து நன்றாக வந்திருப்பதாக நம்புகிறேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிய காலத்தைப் பற்றி ஒரு பாட்டு. மழை வராத கரிசலைப் பற்றி ஒன்று. மற்றவை காதலும் ஹாஸ்டல் வாழ்க்கையும்.

இதுவரை பாடிய இடங்கள் எல்லாம், பெயர் கொடுத்தால் யாரும் பாடலாம் என்கிற காபிக் கடை ஓப்பன் மைக்தான். பாடும்போது பின்னால் காபி மெஷின் இரைகிறது. முன் மேசையில் பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். பாட்டு முடிந்ததும் "ஒரு சினிமாப் பாட்டு பாடுங்களேன்" என்கிறார்கள். ஊரில் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் ஒரு அண்ணனிடம் கேட்டேன். நல்ல மனிதர். ஆனால் கல்யாண வீட்டில் தெரியாத பாட்டைப் பாடினால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார். போன மாதம் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அழைத்தார். பதினைந்து டிக்கெட் நான் விற்றுக் கொடுத்தால் பத்து நிமிடம் மேடை தருவாராம்.

எனக்குத் தெரிய வேண்டியது இவை. வரிகளைக் கேட்கிற கூட்டம் எங்கே இருக்கிறது? முதலில் ரெக்கார்டு செய்து வெளியிட்டுவிட்டுத்தான் மேடை கேட்க வேண்டுமா? வெளியிடாத பாட்டை மேடையில் பாடினால் யாராவது எடுத்துக்கொள்வார்களா? டிக்கெட் விற்றுத் தரச் சொல்வது வழக்கமா?

வைகைக்கரை

தங்கச்சி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வரிகளைக் கேட்கிற கூட்டம் வேண்டும் என்கிறீர்கள். அந்தக் கூட்டம் காபிக் கடையில் இல்லை. அங்கே வருகிறவர்கள் நண்பர்களோடு பேச வருகிறார்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நம் ஊரில் உட்கார்ந்து சொல்லைக் கேட்கப் பழகிய கூட்டம் இலக்கியக் கூட்டத்திலும் புத்தக வெளியீட்டிலும் கலை இரவிலும் இருக்கிறது. நான் மதுரையில் பல வருடமாகச் சொந்தப் பாட்டுப் பாடுகிறவன். எனக்குக் கிடைத்த நல்ல மேடை ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

முற்போக்கு மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சாளர் பேசத் தொடங்கும் முன் இரண்டு பாட்டு. கூட்டம் சேரச் சேரப் பாட்டு நடக்கும், நடுவில் ஒரு பேச்சாளர் வரத் தாமதமானால் இன்னொரு பாட்டு. இந்த இடத்துக்குப் பாடகர் எப்போதும் தேவைப்படுகிறார். 1975இல் மதுரையில் தொடங்கிய தமுஎகசவுக்கு (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) மாவட்டந்தோறும் கிளைகள் இருக்கின்றன. கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா 1961இல் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றமும் அப்படித்தான். கிளைக் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட அறையிலோ சங்கக் கட்டடத்திலோ சில பேர் கூடி உட்காருவது. அங்கே போய் முதலில் கேளுங்கள். இரண்டாம் முறை போகும்போது, "நான் பாட்டு எழுதுகிறேன், ஒன்று பாடலாமா?" என்று செயலாளரிடம் கேளுங்கள். மறுப்பவரை நான் பார்த்ததில்லை. பாடிய பிறகு அங்கேயே ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் மூன்றாவது சரணத்தில் ஒரு சொல் இடறுகிறது என்று சொல்வார். அப்படிச் சொல்கிற ஆள் கிடைப்பது பெரிய பேறு. வேறு எங்கும் கிடைக்காது.

கிளைக் கூட்டத்தில் பிடித்துப்போனால் கலை இரவுக்குக் கூப்பிடுவார்கள். ஊர் நடுவே திறந்த வெளியில் மேடை, பறை, வீதி நாடகம், பேச்சு, பாட்டு என்று இரவு நெடுநேரம் போகும். தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் பீடி சுற்றுகிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், டீச்சர்கள், பிள்ளையை மடியில் தூங்க வைத்திருக்கும் அம்மாக்கள். புதுப் பாட்டு என்பதற்காக அங்கே யாரும் எழுந்து போவதில்லை. கரிசல்குயில் கிருஷ்ணசாமி, சங்கரன்கோவில் திருவுடையான் போன்றவர்களின் குரல் ஊர் ஊராகப் போனது இந்த மேடைகள் வழியாகத்தான். 1990களில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கம் கலைப்பயணம் போனபோது, படிக்கத் தெரியாதவர்களிடம் பாட்டைத்தான் முதலில் கொண்டுபோனார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. கிட்டாரோடு பாடும் உங்கள் தலைமுறை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உங்கள் தீப்பெட்டி ஆபீஸ் பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது முதலில் கோவில்பட்டியில் பாடப்பட வேண்டிய பாட்டு. எழுத்தாளர்களுக்கும் இலக்கியப் பேச்சுக்கும் பேர் போன ஊர் அது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 8 மகளிர் தினத்துக்கும் மே தினத்துக்கும் அங்கே கூட்டம் நடக்காமல் இருக்காது. தொழிற்சங்கம், மாதர் சங்கம், அறிவியல் இயக்கம் எல்லோரும் பாட்டுக்கு ஆள் தேடுவார்கள். லேபிள் ஒட்டிய கைகள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பாட்டைப் பாடிப் பாருங்கள். எந்த வரி உண்மை, எந்த வரி நீங்கள் அழகுக்காகச் சேர்த்தது என்று அவர்கள் முகமே சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இயக்க மேடை என்றால் சிலர், "கடைசிச் சரணத்தில் நம் அமைப்பின் பெயரைச் சேர்த்துவிடலாமே" என்பார்கள். பாட்டுக்கு அது வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் சேருங்கள். தோன்றவில்லை என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நான் மறுத்திருக்கிறேன், மறுத்த இடத்திலேயே மறு வருடமும் பாடியிருக்கிறேன்.

அப்புறம் புத்தகத் திருவிழாக்கள். இப்போது மாவட்டந்தோறும் நடக்கின்றன. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை ஆகஸ்டில் நடத்துவது பழைய, பெரிய விழா. பொதுவாக மாலையில் பெரிய பேச்சாளருக்கு முன்பு உள்ளூர்க் கலைஞர்களுக்கு நேரம் ஒதுக்குவார்கள். மாவட்ட நிர்வாகமும் நூலகத் துறையும் சேர்ந்து நடத்தும் இடங்களில் மாவட்ட நூலக அலுவலரைப் பாருங்கள். விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே போக வேண்டும். துண்டறிக்கை அச்சான பிறகு போனால் எல்லா இடமும் நிரம்பியிருக்கும்.

பணம் என்று பார்த்தால் இந்த மேடைகளில் பெரிதாக வராது. பஸ் செலவு, சாப்பாடு, சில இடங்களில் ஒரு கவர், பல இடங்களில் ஒரு துண்டும் புத்தகமும். சோற்றுக்கு வேறு வேலை இருக்கிறவரை இது தாங்கும். ஆனால் பயணச் செலவை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம், ஸ்பீக்கர் கட்டுகிறவருக்குக் கொடுப்பவர்கள் பாடுகிறவருக்கும் கொடுக்கலாம்.

ரெக்கார்டு பற்றி: முதலில் மேடை, அப்புறம் ஸ்டுடியோ. கூட்டத்தின் முன் இருபது முறை பாடிய பாட்டுக்கும் அறைக்குள் முடித்த பாட்டுக்கும் வித்தியாசம் தெரியும். பாடப் பாட மூச்சு விடும் இடம் மாறும், பல்லவி சுருங்கும். ஸ்டுடியோவில் பணம் கட்டிவிட்டு அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

மொட்டைமாடி

வைகைக்கரை அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடு. ஓப்பன் மைக்கை அடியோடு விட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். ஐந்து, ஏழு நிமிடம்தான் தருவார்கள், ஆனால் உங்களைப் போலவே எழுதிப் பாடும் இன்னும் மூன்று பேரை அங்கேதான் சந்திப்பீர்கள். பாடி முடித்ததும் கிளம்பாமல் கடைசிவரை இருங்கள். அந்த மூன்று பேரின் நம்பரை வாங்குங்கள். அடுத்த படி அவர்களோடுதான்.

நான் திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சொந்தப் பாட்டு மாலைகள் நடத்துகிறேன். வருகிறவர்கள் இருபத்தைந்து, முப்பது பேர். பாடுகிறவர்கள் மூன்று பேர், ஆளுக்கு இருபது நிமிடம். மைக் கிடையாது. ஜமுக்காளம், இரண்டு மஞ்சள் பல்பு, சுக்கு காபி. ஆறரைக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு முடித்துவிடுவோம். பேச வேண்டும் என்றால் கீழே போய்ப் பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. லண்டனில் 2009இல் தொடங்கிய சோஃபார் சவுண்ட்ஸ் இதே முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. சின்ன இடம், மூன்று கலைஞர்கள், பாடும்போது பேச்சு இல்லை. அவர்கள் பெயர் இல்லாமலே நாம் செய்துகொள்ளலாம்.

சட்டப்படி, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. ஒலிபெருக்கியே இல்லை என்றால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே போய்ச் சொல்லி, அவர்களையும் கூப்பிடுவேன். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி ஒரு மாலையைக்கூடத் தவறவிடுவதில்லை. பணத்துக்குக் கதவருகே ஒரு சில்வர் தூக்கும் கியூஆர் அட்டையும். வந்ததை மூன்றாகப் பிரித்து அன்றைக்கே கொடுத்துவிடுவேன். தூக்கில் எவ்வளவு இருந்தது என்று எல்லோர் முன்னாலும் எண்ணுவேன். நம்பிக்கைக்கு அது முக்கியம்.

சென்னையில் இன்னொரு நல்ல வாய்ப்பு ஜூன் 21. பிரான்சில் 1982இல் தொடங்கிய உலக இசை நாள் அது. நுங்கம்பாக்கம் கல்லூரி சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் அதை ஒட்டி நிகழ்ச்சி வைக்கும். புதுச்சேரியிலும் கொண்டாடுவார்கள், அங்கே தெருவிலேயே பாடலாம். ஏப்ரல் முதலே அவர்கள் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள். பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவும், இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு 2020 டிசம்பரிலிருந்து நடத்தும் மார்கழியில் மக்களிசையும் உங்கள் பாட்டுக்கு நெருக்கமானவை. முதலில் பார்வையாளராகப் போய், என்ன மாதிரிப் பாட்டுக்கு அங்கே இடம் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். எனக்கு வரும் மெயில்களில் பாதி குழந்தைப் பருவத்தில் இசையார்வம் வந்த கதையோடு தொடங்கும். எனக்கு வேண்டியது நாலு வரி: என்ன மொழி, எதைப் பற்றிய பாட்டு, எத்தனை நிமிடம், என்ன கருவி. கூடவே ஒரு வீடியோ, ஒரே டேக்கில், போனில் எடுத்தது போதும். முகமும் விரலும் தெரிய வேண்டும். மிக்சிங் செய்து பளபளப்பாக்கிய வீடியோவை வைத்து நேரில் எப்படிப் பாடுவீர்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது.

டிக்கெட் விற்றுத் தரச் சொன்னவருக்கு நன்றி சொல்லி விலகிவிடுங்கள். பதிவுக் கட்டணம் நூறு, இருநூறு வாங்கி அதற்கு டீ கூப்பன் தருகிற ஓப்பன் மைக் வேறு, அது இடத்தின் வாடகைக்காக. உங்கள் நண்பர்களை அவருக்கு வாடிக்கையாளராக்கி, மிச்ச நேரத்தில் மேடை தருவது முழுக்க வேறு. உங்கள் பதினைந்து நண்பர்களை என் மாடிக்கோ உங்கள் மாடிக்கோ கூப்பிட்டாலே ஒரு முழு நிகழ்ச்சி ஆகிவிடும்.

பெண்கள் தனியாக வருகிறோம் என்பதால் ஒன்று. பாடும் வரிசையை முன்கூட்டியே கேளுங்கள், முதல் பாதியில் போடச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல் தள்ளிக்கொண்டே போகும் இடம் என்றால் திரும்பும் வண்டிக்கு ஏற்பாட்டாளர் பொறுப்பேற்கிறாரா என்று கேளுங்கள். நல்ல ஏற்பாட்டாளர் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்.

மைக்செட்

பாட்டைப் பற்றி அண்ணனும் அக்காவும் சொல்லிவிட்டார்கள். நான் சவுண்ட் ஆள், அப்பா காலத்திலிருந்து மைக் செட் தொழில். கிட்டாரோடு வெளியூர் மேடைக்குப் போகும் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

கிராமத்து மேடையில் பல இடங்களில் இன்னும் குழாய் ஸ்பீக்கர்தான். அதில் அடித்தொனி வராது. கிட்டாரில் மேலே இருக்கும் தடித்த மூன்று தந்தி எல்லாம் காணாமல் போய்விடும், கீழே இருக்கும் மெல்லிய தந்தியின் சத்தம் மட்டும் சுள்ளென்று கேட்கும். விரலால் மெதுவாக மீட்டும் பாட்டு அங்கே எடுபடாது. பிக் (தந்தி மீட்டும் சின்னத் தகடு) வைத்து, கேப்போ (சுருதியை ஏற்றும் கிளிப்) ஏற்றி, கோர்டை எளிமையாக்கி வாசியுங்கள். சொல் மட்டும் அதில் அருமையாகப் போகும், அரை கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். வரிதான் முக்கியம் என்கிற உங்களுக்கு உண்மையில் ஏற்ற ஸ்பீக்கர் அது.

மைக் செட் அண்ணனிடம் மேடை ஏறும் முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். முதலாவது, எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். பேச்சாளருக்கும் சினிமாப் பாட்டுக்கும் எக்கோ போட்டே பழகியிருப்பார், உங்கள் வரி அதில் குழம்பிவிடும். இரண்டாவது, கிட்டாருக்குத் தனியாக ஒரு லைன் வேண்டும் என்று சொல்லுங்கள். பிக்கப் (உள்ளேயே ஒலி வாங்கும் கருவி) உள்ள கிட்டாரை நீளமான ஒயரில் நேரே மிக்சருக்கு இழுத்தால் உர்ர் என்று இரையும், சத்தமும் மங்கும். கிட்டார் சிக்னலை மைக் ஒயரில் போகும்படி மாற்றும் ஒரு சின்ன டிஐ பாக்ஸ் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாசிவ் டிஐ போதும், அதற்கு மின்சாரமும் வேண்டாம். கிட்டார் ஒயர் உங்களுடையது, மிக்சருக்குப் போகும் மைக் ஒயர் அவருடையது. இவ்வளவுதான். கிட்டாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரிக்கு ஒரு மாற்றுப் பையிலேயே கிடக்கட்டும். பாடி முடித்ததும் ஜாக்கைப் பிடுங்கிவிடுங்கள், செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும். பிடுங்கும் முன் கை காட்டுங்கள், நாங்கள் சத்தத்தைக் குறைத்த பிறகு பிடுங்குங்கள். இல்லாவிட்டால் டப்பென்ற சத்தம் ஊருக்கே கேட்கும்.

மானிட்டர் (பாடுகிறவருக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) இல்லாத மேடை என்றால் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், ஊளையிடும். மேடையின் பின்பக்கம் நில்லுங்கள், மைக்கை வாயருகே வையுங்கள். அண்ணனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, முடிந்ததும் மேடையிலிருந்தே நன்றி சொல்லுங்கள். எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை உங்களுக்காகத் தனி மைக் எடுத்து வருவோம்.

தெற்குத்தெரு

படிக்கப் படிக்க மனது நிறைந்துவிட்டது. மூவருக்கும் நன்றி. வைகைக்கரை அண்ணா, பாட்டு திருட்டுப் போவது பற்றிய கேள்வி மட்டும் பாக்கி. இன்னொன்று, ஊரில் பாடலாம் என்று நீங்கள் சொன்னதும் அம்மாவிடம் போனில் பாடிக் காட்டினேன். இரண்டாவது சரணத்தில் பசை வாடை என்று எழுதியிருந்தேன். "வாடை இல்லடி, பசை காஞ்சு விரல்ல தோல் உரியும், அத எழுது" என்றார். மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வைகைக்கரை

அம்மா சொன்னதை அப்படியே வையுங்கள், தங்கச்சி.

திருட்டு பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். நம் சட்டப்படி பாட்டைத் தாளில் எழுதிய, பாடி ரெக்கார்டு செய்த அன்றே பதிப்புரிமை (காப்பிரைட்) உங்களுடையது, அரசிடம் பதிவது கட்டாயம் இல்லை. உங்கள் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு வரை அது நிற்கும். ஆதாரத்துக்கு, தேதியோடு போனில் பாடிய பதிவும் எழுதிய தாளின் படமும் உங்கள் மெயிலுக்கு நீங்களே அனுப்பி வையுங்கள். பாட்டை வெளியிடத் தொடங்கியதும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகச் சேருங்கள். 1969இலிருந்து இருக்கிற அமைப்பு அது, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலிப்பது. 2012இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பங்கை மற்றவருக்கு முழுவதுமாக எழுதிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது. ஆகவே எந்தக் கம்பெனி தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மேடையில் பாடுவதால் பாட்டு போய்விடாது. பத்து ஊரில் நூறு பேர் உங்கள் வாயால் கேட்டிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன?

கோவில்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தோழர் கிளைப் பொறுப்பில் இருக்கிறார். இன்று பேசினேன். மார்ச் 8 கூட்டத்துக்கு இன்னும் பாட்டு முடிவாகவில்லை, இரண்டு பாட்டுக்கு நேரம் தருகிறார்களாம். பஸ் செலவு தருவதாகச் சொன்னார், குழாய் ஸ்பீக்கர்தான் என்றும் சொன்னார். தனிச் செய்தியில் அவர் நம்பர் அனுப்புகிறேன். பகலில் வேலைக்குப் போகிறவர், ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். கரிசல் பாட்டை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், தீப்பெட்டி ஆபீஸ் இரண்டாவதாக வரட்டும்.